பக்கத்து வீட்டு விசாரணை

பேண்ட் போட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு வந்து ஆள் பேர் சொல்லி விசாரிக்கிற எவனுக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் நேரான பதில் கிடைக்காது. ஊர் கூடி எடுத்த முடிவொன்றும் இல்லை, பழக்கம். "ராஜவேலு வீடு எது?" என்று கேட்டால், வலை முடிகிறவர் தலையைத் தூக்காமலே "எந்த ராஜவேலு?" என்பார். செகப்பு ராஜவேலுவா, நெட்டை ராஜவேலுவா, போன வருஷம் செத்துப்போன ராஜவேலுவா என்று அவரே மூன்று பேரை எடுத்துக் கொடுப்பார். வந்தவன் குழம்பிப்போய் அடுத்த வீட்டில் கேட்பான். அவர்கள் கலங்கரை விளக்கம் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே போனால் கோயில் பக்கம். வெயில் ஏறியதும் அவனே சலித்துப்போய், பாலத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குத் திரும்பிவிடுவான்.

இந்த வித்தையில் பவுனம்மாளுக்கு இணையான ஆள் குப்பத்தில் கிடையாது. வயது ஐம்பத்தைந்து இருக்கும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள். வீட்டு முன்னால் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலியைப் பரப்பி வைத்திருப்பாள். காக்கை ஓட்டுகிற கம்பு எப்போதும் கையில் இருக்கும். தெருவுக்குள் நுழைகிற எவனும் அந்தக் கம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு ராஜவேலுவைத் தேடி வசூல்காரர்கள் வந்து போய்க்கொண்டிருந்த ஒன்றரை வருஷமும் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியவள் அவள்தான். ஒருவனிடம் கேரளாவுக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறான் என்றாள். இன்னொருவனிடம் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, வாசல்படி மிதிக்காதே என்றாள். ஒருவனை உட்கார வைத்து, மோர் கொடுத்து, அவனுடைய குடும்பக் கஷ்டத்தைக் கேட்டு அவனையே அழ வைத்து அனுப்பினாள்.

அதெல்லாம் முடிந்துபோன கதை என்று ராஜவேலுவின் பெண்டாட்டி கலைவாணி நினைத்திருந்தாள். தை முடிந்து மாசி பிறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, திருப்பாலைவனத்தில் ரோட்டோரம் கடை போட்டு விற்றுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவது அவள் வழக்கம். அன்றைக்கு முதல் பஸ்காரன் மீன்கூடையைக் கண்டதும் நிறுத்தாமலே போய்விட்டான். இரண்டாவது பஸ்காரன் ஏற்றிக்கொண்டு, வழி நெடுக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். கடை போடும்போது மணி பத்தாகிவிட்டது. நல்ல கொடுவா மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, களைத்துப்போய்த் தெருவுக்குள் நுழைந்தாள்.

"கலை, வா வா," என்று பவுனம்மாள் கம்பை ஆட்டிக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கு ஒருத்தன் வந்தான்டி. ரொம்ப நாளு கழிச்சி."

"எவன்க்கா?"

"எவனோ. ஷோக்கா சட்டைய உள்ள உட்டுகினு, கையில போனு. ராஜவேலு, கலைவாணி ரெண்டு பேரும் இங்கதான இருக்கறாங்கன்னு கேட்டான். ஒன் பேரயும் சேத்துக் கேக்கறான் பாரு, எனக்கு அப்பவே திக்குனுச்சு. யாருப்பா நீ, இன்னா விஷயம்னு கேட்டேன். லோன் விஷயமா வந்தேம்மான்னான். அவ்ளோதான், ஆரம்பிச்சிட்டேன்."

கலைவாணி தலைக்கூடையை இறக்காமலே நின்றாள். "இன்னா சொன்ன?"

"அந்தமானு போயிட்டாங்கன்னேன், குடும்பத்தோட. ஊட்டப் பூட்டி ரெண்டு வருசமாவுது, தோ பாரு பூட்டுன்னு காட்டனேன். உப்புக்காத்துல ஒன் பூட்டு துருப் புடிச்சி கெடக்குதா, அதுவும் சாட்சி சொல்லிடுச்சு. எப்பம்மா வருவாங்கன்னான். எங்க வர்றது, அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சி அழுதுட்டுப் போச்சு நைனான்னு மூக்கச் சிந்துனேன். நம்பிட்டான்டி! பூட்டப் போட்டோ புடிச்சான். என்னையும் ஒரு போட்டோ புடிச்சிகினு போயிட்டான்."

சொல்லிவிட்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வந்தது யார் என்று கலைவாணிக்குப் புரிந்துவிட்டது. புதன்கிழமை வருகிறேன் என்று சொன்ன பைனான்ஸ்காரன் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இன்னாடி மூஞ்சி இப்படிப் போவுது?"

"வெயிலுக்கா. தலை சுத்துது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பவுனம்மாளிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ராஜவேலு மீன்பிடிக்கிற பைபர் போட்டும் எஞ்சினும் வாங்கினான். ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். தனியார் கடன் பாதி, கைமாற்று மீதி. பவுனம்மாள் தன் ஜோடி வளையலை விற்று நாற்பதாயிரம் கொடுத்தாள். அந்தக் குப்பத்தில் அப்படிக் கொடுப்பதற்குச் சீட்டு கிடையாது, வட்டியும் கிடையாது. போட்டு முதல் தடவை கரைக்கு வரும்போது, கைமாற்று கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு கூடை மீன் போகும், அதுதான் பத்திரம். பவுனம்மாள் வீட்டுக்கும் ஒரு கூடை வாளை போயிற்று. மறுவருஷ ஐப்பசியில் அந்தப் போட்டு முகத்துவாரத்தில் மண்திட்டு தட்டிக் கவிழ்ந்தது. ஆள் பிழைத்ததே பெரிது. போட்டு இரண்டாகப் போயிற்று, எஞ்சின் கிடைக்கவேயில்லை.

அப்புறம் வசூல்காரர்கள். அதுவும் தாங்க முடியாமல் போனபோது ராஜவேலு மஞ்சக் கடுதாசி கொடுத்தான். அதாவது, என்னால் முடியாது, திவாலாகிவிட்டேன் என்று பொன்னேரி கோர்ட்டில் மனுப் போட்டான். யார் யாருக்குத் தர வேண்டுமோ ஒருத்தர் விடாமல் எழுது, மறைத்தால் மனு நிற்காது என்றார் வக்கீல். பவுனம்மாள் பேரையும் எழுத வேண்டியதாயிற்று. ஒருநாள் அவளுக்கும் தபால்காரர் கோர்ட் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கலைவாணியிடம்தான் வந்தாள். "இது இன்னாடி, எம் பேருக்கு வந்துகீது?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா கோர்ட்டுக் கடுதாசி," என்றாள் கலைவாணி. பவுனம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அந்தப் பணத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவருக்குச் சுவர் வீடு, குழம்பு கொடுத்து வாங்குகிற உறவு, ஆனால் அந்த ஒரு பேச்சு மட்டும் கிடையாது.

மனு தீர்ந்து வசூல்காரர்கள் நின்றுபோனார்கள். ராஜவேலு கடலைவிட்டு, பொன்னேரிக்காரர் ஒருவரின் லோடு வண்டியில் கூலிக்கு டிரைவர் ஆனான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் போதும் என்று கலைவாணிக்குத் தோன்றியது. அவளும் இன்னும் ஆறு பெண்களும் நம்பி மீன் ஏற்றலாம், பஸ்காரன் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். ஆனால் மஞ்சக் கடுதாசி கொடுத்தவனுக்கு எவன் கடன் தருவான்? பொன்னேரியில் பி.காம். படிக்கிற மகள் சுபஸ்ரீதான் வழி கண்டுபிடித்தாள். சிபில் என்று ஒரு மார்க் உண்டு, கடன் கொடுக்கிறவன் அதைத்தான் பார்ப்பான், விழுந்ததைத் திரும்ப ஏற்றலாம் என்றாள். அன்றிலிருந்து இரண்டரை வருஷம் அந்த வீட்டில் ஒரு வினோதம் நடந்தது. பாங்கில் பத்தாயிரம் டெபாசிட் போட்டு, அதன் மேலேயே ஒரு கார்டு வாங்கி, அதில் மளிகை வாங்கி, மாதாமாதம் நாள் தவறாமல் கட்டினார்கள். கையில் காசு இருந்தும் மிக்சியைத் தவணையில் வாங்கினார்கள். ஒவ்வொரு மாதமும் சுபஸ்ரீ போனைப் பார்த்து மார்க் சொல்வாள். ராஜவேலு ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பான். போன மாதம்தான் பைனான்ஸ் மேனேஜர், முன்பணம் எழுபதாயிரம் போட்டால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். மீஞ்சூரில் ஒரு பழைய குட்டியானை லோடு வண்டியைப் பேசி முடித்தார்கள். வண்டிக்காரன் சனிக்கிழமை வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்றான். மிச்சம் இருந்தது, வீட்டுக்கு வந்து பார்க்கிற விசாரணை ஒன்றுதான்.

இத்தனையும் ஊரில் யாருக்கும் தெரியாது. காரியம் முடிகிற வரை மூச்சுவிடக் கூடாது என்று கலைவாணிதான் வாயைக் கட்டினாள். கண்ணேறு ஒரு காரணம். பெரிய காரணம் பவுனம்மாள். எழுபதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறவள் நாற்பதாயிரத்தைத் திருப்பித் தரவில்லை என்று தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

சாயந்திரம் காலேஜிலிருந்து வந்ததும் சுபஸ்ரீ பைனான்ஸுக்குப் போன் போட்டாள். வந்துபோனவன் பேர் மோகன்குமார். ஸ்பீக்கரில் அவன் குரல் கறாராக இருந்தது.

"வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுல விசாரிச்சேன், குடும்பத்தோட ஊர விட்டே போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அப்படித்தான் நான் எழுத முடியும்."

"சார், அவங்க தெரியாம சொல்லிட்டாங்க சார். நாங்க இங்கதான் இருக்கோம்."

"தெரியாம சொல்ற மாதிரி இல்லியேம்மா. அழுதாங்க. எனக்கே கஷ்டமாப் போச்சு." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "உங்க பைலு ஏற்கெனவே திவால் கேசு. மேனேஜர் அரை மனசாத்தான் ஒத்துகிட்டாரு. சரி, ரிப்போர்ட்ட வியாழக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அன்னிக்கு பக்கத்துல தோணிரேவுல எனக்கு ஒரு விசாரணை இருக்கு, பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்கும் வரேன். ரெண்டு பேரும் இருக்கணும். அதே பக்கத்து வீட்டம்மா வந்து, தான் சொன்னது தப்புன்னு கையெழுத்துப் போடணும். அவங்க போட்டோ இருக்கு. வேற யாரையாவது கூட்டி வந்து நிறுத்தாதீங்க."

ராஜவேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "உடு கலை. நமக்கு ராசி இல்ல," என்றான். போட்டு கவிழ்ந்த நாளிலிருந்து அவன் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது.

"ராசியாம் ராசி. ரெண்டரை வருசம் ஒரு நாளு தவறாமக் கட்டனது ராசியா?" என்று கலைவாணி சீறினாள். "நைனாவத் திட்டாதம்மா," என்றாள் மகள். "நீதான் பவுனம்மா பெரிம்மாகிட்ட போயிச் சொல்லணும். வேற வழியே இல்ல."

அது கலைவாணிக்கும் தெரிந்ததுதான். புதன்கிழமை திருப்பாலைவனத்தில் அவளுக்கு வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. அரைக் கிலோ இறாலுக்குப் பணம் வாங்காமலே அனுப்பிவிட்டு, அப்புறம் ஓடிப்போய்க் கேட்டு வாங்கினாள். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதுவும் சரியாக வரவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது கொண்டல் காற்று திரும்பியிருந்தது. கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மாசியில் மழை என்றால் கருவாட்டுக்காரிக்கு உயிர் போகிற விஷயம். ஒரு தூறல் பட்டால் நெத்திலி மஞ்சளித்துவிடும், கோழித்தீவனத்துக்குத்தான் போகும். பவுனம்மாள் முழங்கால் மடித்து உட்கார்ந்து வாரி வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கலைவாணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வாரினாள். கை வேலையாக இருந்தால் பேச்சு எளிதாக வரும் என்று ஒரு நம்பிக்கை.

"யக்கா, நேத்து வந்தானே ஒருத்தன்..."

"மறுபடியும் வரானா? வரட்டும். இந்தத் தபா கொழும்புக்குப் போயிட்டாங்கன்னு சொல்றேன்."

"அவன் வசூலுக்கு வரலக்கா. நாங்கதான் வரச் சொன்னோம்."

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கை மட்டும் வாரிக்கொண்டே இருந்தது. கலைவாணி தலையைக் குனிந்துகொண்டு வண்டி, மீஞ்சூர், மேனேஜர் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாள்.

"மஞ்சக் கடுதாசி குடுத்தவனுக்கு லோனு தரானா?" என்றாள் பவுனம்மாள்.

"ஏதோ மார்க்கு கீதாம்க்கா. மாசாமாசம் ஒழுங்காக் கட்டனா ஏறுமாம். சுபஸ்ரீ சொல்லி ஏத்திகினு வந்தோம்."

"இது இன்னாடி கூத்து, பத்தாவது பரீட்சை மாதிரி. எதுல கட்டன?"

"மிக்சி தவணைதான். கையில காசு வெச்சிகினே தவணையில வாங்கனோம்."

"காசு வெச்சிகினே." பவுனம்மாள் அந்த வார்த்தையைத் தனியாக எடுத்துச் சொன்னாள். "வண்டிக்கு முன்பணம் எவ்ளோ?"

"எழுபது."

"பணம் கையில கீதா?"

கலைவாணிக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "கீதுக்கா," என்றாள்.

அப்போதுதான் பவுனம்மாளின் கை நின்றது. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டதையும் மறந்து அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என் வளையலு எவ்ளோக்குப் போச்சு தெரியுமா ஒனக்கு?"

"நாப்பதுக்கா."

"நாப்பத்திரெண்டு. ரெண்டாயிரத்துக்கு அரிசி வாங்கனேன். மிச்சத்த அப்படியே ஒன் கையில குடுத்தேன்."

"யக்கா..."

"கோர்ட்டுக் கடுதாசி வந்திச்சே, ஒண்ணும் இல்லன்னு சொன்னியே. அன்னிக்கே ஆபிரகாம் வலைக்கடையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் படிச்சிட்டு, யம்மா, ஒன் பணம் வராதுன்னு கோர்ட்டுல எழுதிக் கேட்டுகீறாங்கன்னான். வலைக்கட வாசல்ல நாலு பேரு பாத்துகினு கீறாங்க. நான் சிரிச்சிட்டு வந்துட்டேன்."

கலைவாணி இத்தனை வருஷமும் பவுனம்மாளுக்கு அந்தக் காகிதம் புரியவில்லை என்றே நினைத்திருந்தாள். அந்த நினைப்பில்தான் அவளால் அந்த வீட்டுக் குழம்பைத் தின்ன முடிந்தது. இப்போது வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

"தெரிஞ்சும் ஏன்க்கா வந்தவன எல்லாம் தொரத்துன?"

"வேற இன்னா செய்யச் சொல்ற? அவனுங்க குடுத்த தொல்லையில நீ ஊர உட்டு ஓடிட்டா, நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

"நீ கேக்கவே இல்லியேக்கா."

முதல் சொட்டு மணலில் விழுந்தது. "தூக்குடி, தூக்கு!" என்று பவுனம்மாள் கத்தினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வலையைச் சுருட்டிப் பிடித்து, மிச்ச நெத்திலியோடு அப்படியே வீட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். மழை சடசடவென்று இறங்கியது. மூச்சு வாங்க நின்றபோது கலைவாணி, "நாளைக்கு பதினோரு மணிக்குக்கா. நீ வந்து பேசணும். ஒன் போட்டோதான் அதுல கீது," என்றாள்.

"எழுபதாயிரம்," என்றாள் பவுனம்மாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு, "பாக்கலாம். நீ போ, ஈரத்துல நிக்காத," என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ராஜவேலு வேலைக்குப் போகவில்லை. முகம் மழித்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டான். சுபஸ்ரீ காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ரேஷன் கார்டு, கரண்ட் பில், மீனவர் அட்டை என்று வரிசையாக அடுக்கி வைத்தாள். கலைவாணி துருப்பிடித்த பூட்டைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் வீசி எறிந்தாள். ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. மழை விட்டு வெயில் வந்தும் வாசலில் வலை விரிக்கவில்லை. அப்படி ஒரு நாளை அவள் பார்த்ததே இல்லை.

"பெரிம்மா எங்கம்மா?" என்றாள் மகள்.

"வந்துடுவா." சொன்னாளே தவிர, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்குக் கரை வரை போய்ப் பார்த்தாள். கோயில் பக்கம் போய்ப் பார்த்தாள். காலையிலேயே பாலத்தைத் தாண்டிப் போனாள் என்று வலை முடிகிறவர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

மோகன்குமார் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டான். முப்பது வயசுக்குள் இருக்கும் பையன், நெற்றியில் விபூதி. இந்த முறை யாரும் அவனைச் சுற்றவிடவில்லை, ராஜவேலுவே பாலத்தடியில் நின்று கூட்டிவந்தான். வீட்டைப் பார்த்தான், காகிதங்களைப் பார்த்தான், புருஷனையும் பெண்டாட்டியையும் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். எல்லாம் முடிந்ததும் அடுத்த வீட்டைப் பார்த்தான்.

"அந்தம்மா எங்க?"

"தோ வந்துடுவாங்க சார்," என்றாள் கலைவாணி.

"அன்னிக்கு உங்க வீடு பூட்டியிருந்துச்சு. இன்னிக்கு அவங்க வீடு பூட்டியிருக்கு." அவன் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கேன்மா. தோணிரேவுல ஆள் காத்துகிட்டிருக்காங்க."

மகள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் மெதுவாகக் குடித்தான். டம்ளர் காலியானது. பையை எடுத்துத் தோளில் மாட்டினான். ராஜவேலு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராசி இல்லை என்று மட்டும் இப்போது சொல்லிவிடாதே என்று கலைவாணி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அப்போது தெருமுனையில் பவுனம்மாள் வந்தாள். தலைக்குக் குளித்து, பச்சை நைலக்ஸ் புடவை கட்டி, கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம் வைத்திருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்று, மோகன்குமாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா? அன்னிக்குத் தலை வாராம கெடந்தவளப் போட்டோ புடிச்சிகினு போயிட்ட. அதான் பழவேற்காட்டுக்குப் போயி பூ வாங்கியாந்தேன். புடி இப்ப."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டான். "ஏம்மா, இவங்க அந்தமான் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். நீ பேண்ட்டு போட்டுகினு பையி மாட்டிகினு வந்து லோனுன்னு கேட்ட. அப்படி வந்தவன் எவனும் இங்க நல்லதுக்கு வந்ததில்ல. நீ நல்லதுக்கு வந்தேன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டிக்கீது?"

"அப்ப எது உண்மை?"

"இவங்க எங்கயும் போவல. ஒரு நாளு கூடப் போவல. போவறவங்களா இருந்தா போட்டு முழுவுன அன்னிக்கே போயிருப்பாங்க. எத்தினி பேரு ராத்திரியோட ராத்திரியாப் போயிகீறாங்க, தெரியுமா?"

அவன் போனில் ஏதோ தட்டினான். "வேற யாருக்காவது இவங்க பணம் பாக்கி வெச்சிருக்காங்களா? உங்களுக்குத் தெரிஞ்சு?"

கலைவாணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பவுனம்மாள் ஒரு தடவை ராஜவேலுவைப் பார்த்தாள், ஒரு தடவை அவளைப் பார்த்தாள். பாலத்துப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"எனக்குத் தெரிஞ்சி யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றாள்.

"உங்களுக்கு?"

"எனக்கா? எனக்கு இவங்க ஒரு ரூபா தர வேண்டியதில்ல."

அவன் நீட்டிய காகிதத்தில் எழுத்துக்கூட்டிக் கூட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டோவுக்கு நின்றாள். அவன் கிளம்பினதும் கலைவாணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

நல்லது நடந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குப்பத்தில் அது நிற்கும். ஒரு ரூபாய் தர வேண்டாம் என்று பவுனம்மாள் வெளியாள் எதிரில் சொல்லிவிட்டாள். வளையலைத் தாரை வார்த்துவிட்டாள். கோர்ட் அந்தக் கடனை அடித்தபோது கலைவாணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவள் அடித்தது தாங்க முடியவில்லை. இனிமேல் இவளிடம் எப்படி ஒரு கரண்டி குழம்பு வாங்குவது, எப்படித் தலை நிமிர்ந்து பேசுவது என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அதற்கு மேல் இன்னொரு பயம், இத்தனை செய்தும் மேனேஜர் முடியாது என்றுவிட்டால்?

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, திருப்பாலைவனத்தில் ஒரு டீச்சருக்குச் சங்கரா மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தாள்.

"அம்மா, பாஸ் ஆயிடுச்சு! மெசேஜ் வந்துடுச்சும்மா!" அன்றைக்கும் காலேஜுக்கு மட்டம் போட்டிருந்த மகள் கத்தியது டீச்சருக்கும் கேட்டது. "பொண்ணு பரீட்சை பாசா?" என்றாள் டீச்சர். "ஆமாங்க, ரெண்டரை வருசப் பரீட்சை," என்று சொல்லிவிட்டுக் கலைவாணி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். மீதி மீனை விற்கப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே ஏறினாள்.

பவுனம்மாள் வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, ஆனால் முழுக்க வீணாகவில்லை. கலைவாணி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"யக்கா, லோனு வந்துடுச்சு. நாளைக்கு வண்டி எடுக்கறோம்."

"கேட்டேன். ஒன் பொண்ணு போட்ட சத்தத்துல காக்காயே பறந்துடுச்சு." பவுனம்மாள் ஒரு கெட்டுப்போன நெத்திலியைப் பொறுக்கி வீசினாள். "சந்தோசம். சரி, என் நாப்பதாயிரத்த எப்பத் தருவ?"

கலைவாணிக்குப் புரியவில்லை. "நேத்து அவன்கிட்ட ஒரு ரூபா இல்லன்னு..."

"அவன்கிட்ட சொன்னது அவனுக்கு. கேரளா, அந்தமானு எல்லாம் சொன்னேனே, அந்த மாதிரி. ஒனக்கும் எனக்கும் இன்னாடி பொய்யி?"

"இத்தன நாளு ஏன்க்கா கேக்கல?"

"இல்லாதவகிட்ட இன்னாத்தக் கேக்கறது? கேட்டா நீ என்னப் பாத்ததும் பின்பக்கமாச் சுத்திகினு போவ. பக்கத்துல பக்கத்துல எப்படிக் காலம் தள்றது? இப்ப ஒனக்கு வண்டி கீது, அவனே நம்பிக் குடுத்துகீறான். கேக்கறேன்."

ஒன்றரை வருஷம் கடன்காரர்கள் என்றால் கதவைச் சாத்தியவள் கலைவாணி. இன்றைக்கு ஒருத்தி முகத்துக்கு நேராகப் பணத்தைக் கேட்கிறாள், ஓடத் தோன்றவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த என்னவோ ஒன்று இறங்கிப் போனது. தன்னைத் தரக்கூடியவளாக ஒருத்தி நினைத்துக் கேட்கிறாள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

"மொத நடைக் காசு ஒனக்குத்தான்க்கா. அப்பறம் மாசம் மூவாயிரம் தரேன்."

"நாலு."

"வண்டித் தவணை கீதேக்கா."

"சரி, மூணு. என் கருவாட்ட ஏத்திட்டு வாடகையில கழிச்சிக்கலாம்னு மட்டும் பாக்காத. வாடகை வேற, இது வேற. அஞ்சாந்தேதி பணம் வந்துடணும். ஒரு நாளு தள்ளுச்சின்னா ஒன் வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன். அந்தமானு போயிட்டாங்கன்னு எவ வந்து அழுதாலும் நான் நம்ப மாட்டேன்."